கோபுரத்தைக் கீழே இறக்கியவர்கள்

மாவனல்லையைத் தாண்டியதும் கண்டி வீதி வளைந்து வளைந்து ஏறத் தொடங்கும். பஸ் முனகிக்கொண்டு ஏறும். சாளரத்துக்கு வெளியே பள்ளத்தாக்குக்கு அப்பால் தட்டையான தலையோடு ஒரு மலை தெரியும். ஊரார் அதை பத்தலேகல என்பார்கள். ஆங்கிலேயர் அதற்கு பைபிள் பாறை என்று பேர் வைத்தார்கள். இன்னும் கொஞ்சம் ஏறினால் குடைந்த பாறை. அதையும் கடந்து கடுகண்ணாவைக்குள் நுழையும்போது வீதியோரத்தில் வெள்ளையாக நிற்கிறது டோசன் கோபுரம். 125 அடி. முதன்முறை பார்ப்பவர்கள் பக்கத்து இருக்கைக்காரரிடம் "இது எந்தச் சேர்ச்சுடைய கோபுரம்?" என்று விசாரிப்பதைக் கேட்டிருக்கிறேன். கேள்வியில் தவறில்லை. ஆலயம் இல்லாத மணிக்கோபுரம் போலத்தான் அது நிற்கிறது.

அது ஆலயத்தின் கோபுரம் இல்லை. கொழும்பு–கண்டி வீதியைத் திட்டமிட்ட கப்டன் டோசனுக்குப் பொதுமக்கள் பணம் சேர்த்துக் கட்டிய நினைவுத்தூண். 1829இல் அவர் இறந்தார். கல்வெட்டில் உள்ள ஆண்டு 1832. அந்த ஆண்டைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். கண்டியின் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வேலூர்ச் சிறையிருப்பில் கண்மூடியது 1832 ஜனவரியில். அரசனுக்காகவும் பிறகு ஆளுநர் பார்ன்ஸின் வீதிக்காகவும் குடிமக்களைக் கூலியில்லாமல் வேலை வாங்கிய இராஜகாரிய முறை ஒழிக்கப்பட்டதும் அதே 1832இல்தான். அரசன் போனான், ஊழியம் போனது, கோபுரம் எழுந்தது. பாறையைத் துளைத்து வருபவனுக்கே கண்டி வசப்படும் என்று ஒரு முன்சொல் இருந்ததாக மலைநாட்டில் சொல்வார்கள். அது மெய்யோ புனைவோ, துளைத்தவன் பெயர் கல்லில் இருக்கிறது. துளைத்த கைகளின் பெயர் ஒன்றுகூட இல்லை.

இந்தக் கோபுரத்திலிருந்துதான் என் கேள்வி கிளம்புகிறது. ஆங்கிலேயர் கண்டி நாட்டில் நட்ட உயரங்களுக்குக் கலைஞர்கள் என்ன மறுமொழி சொன்னார்கள்? மறுமொழி என்று நான் சொல்வது கோபுரத்தை அழகாக வரைவதை அல்ல. அந்த வேலையைத் தபால் அட்டைக்காரர்கள் நூறு ஆண்டுகளாகச் செய்துவருகிறார்கள். கோபுரம் என்பது ஒரு கூற்று: "நான் மேலே, நீ கீழே, என்னைப் பார்த்து நேரத்தையும் திசையையும் தெரிந்துகொள்." அந்தக் கூற்றோடு வாதாடுகிற கலையையே மறுமொழி என்பேன். அளவுகோல் இரண்டு. கலைஞர் உயரத்தை என்ன செய்தார் என்பது ஒன்று. உயரத்தின் அடியில் நின்றவர்களைக் கண்ணுக்குக் கொண்டுவந்தாரா என்பது மற்றது. முதலாவதில் தேறியவர்கள் சிலர் உண்டு. இரண்டாவதில் தேறியவர்கள் அரிது.

கண்டியில் உண்மையான ஆலயக் கோபுரம் ஒன்று உண்டு. தலதா மாளிகைக்கும் நாத தேவாலயத்துக்கும் கூப்பிடு தூரத்தில், சிவப்புச் செங்கலில், சதுரமாக நிற்கிறது புனித பவுல் ஆலயம். 1840களில் எழும்பி 1853இல் கொழும்பின் முதல் அங்கிலிக்கன் பேராயர் ஜேம்ஸ் சப்மனால் அர்ப்பணிக்கப்பட்டது. படையினருக்கான ஆலயமாக இருந்தது. உள்ளே வண்ணக் கண்ணாடியும் அமைதியும் இருக்கின்றன; அங்கே இன்றும் மனமுருக ஜெபிப்பவர்களின் பக்தியைப் பற்றி எனக்கு எந்தக் குறையும் இல்லை. நான் பேசுவது அது நிற்கும் இடத்தைப் பற்றி. கண்டியின் பழைய மனையமைப்பில் தேவாலயங்களும் விகாரைகளும் மாளிகையும் தாழ்ந்த கூரைகளோடு ஒன்றையொன்று பார்த்திருக்கும். உயரம் என்று இருந்தது மாளிகையின் எண்கோண மண்டபமான பத்திரிப்புவ. தேவேந்திர மூலாச்சாரி கட்டியது. அரசன் அங்கே நின்று மக்களுக்குக் காட்சி கொடுப்பான். அந்த வட்டத்துக்குள் ஓர் இங்கிலாந்துக் கிராமத்தின் செங்கல் கோபுரத்தைக் கொண்டுவந்து நிறுத்தும்போது, அது யாரைப் பார்த்துப் பேசுகிறது என்பதைப் புரிந்துகொள்ளக் கட்டடக்கலை படித்திருக்க வேண்டியதில்லை.

இதற்கு முன்னே நடந்த ஒன்று என் வாதத்துக்கு முக்கியம். கோபுரம் எழும்புவதற்கு முன், கண்டியில் ஆங்கிலேயரின் ஆராதனை அரசனுடைய மகுல் மடுவவில் நடந்தது. 1815 மார்ச் 2ஆம் திகதி கண்டி ஒப்பந்தம் வாசிக்கப்பட்ட அதே மண்டபம். 1825இல் கல்கத்தாப் பேராயர் ரெஜினால்ட் ஹீபர் வந்தபோது பிரசங்கம் செய்ததும் அங்கேதான். செதுக்கிய மரத்தூண்கள், நாலு பக்கமும் திறந்த வெளி, மேலே ஓட்டுக்கூரை. அந்த மண்டபம் அவர்களுக்குத் தற்காலிக இடம். சுவரும் கோபுரமும் வந்ததும் அதை விட்டுவிட்டார்கள்.

ஏறக்குறைய முக்கால் நூற்றாண்டு கழித்து ஓர் ஆங்கிலேயப் பாதிரியார் அந்த விட்டுவிட்ட மண்டபத்துக்குத் திரும்பினார். திரித்துவக் கல்லூரியின் ஆசிரியரான எல். ஜே. காஸ்டர். கல்லூரிக்கு ஒரு சிற்றாலயம் வேண்டும் என்றபோது அவர் வரைந்த வரைபடத்தில் கூர்வளைவும் இல்லை, ஊசிக்கோபுரமும் இல்லை. கருங்கல் தூண்கள், தூண்களின் மேல் கண்டிக் கூரை, பக்கங்களில் சுவர் இல்லை. உயரம் தேவைப்பட்ட இடத்திலும் கூரைதான் உயர்ந்தது. 1920களில் தொடங்கிய வேலை 1935இல் அர்ப்பணிப்புக்கு வந்தது. கல் அருப்பொலையிலிருந்து வந்தது.

ஒரு தூணின் பக்கத்தில் போய் நின்று பார்த்தால் காஸ்டரின் மூளை புரியும். அடி சதுரம். மேலே போகப் போக மூலைகள் சீவப்பட்டு எண்கோணமாகும், மறுபடி சதுரம், அதில் தாமரை. தலைப்பில் தூணிலிருந்து நாலு பக்கமும் கவிழ்ந்து இறங்கும் பேகட என்ற போதிகை. இது மரத்துக்கென்று பிறந்த இலக்கணம். கடுகண்ணாவையிலிருந்து பிலிமத்தலாவைக்கு இறங்கித் தவுலகல வீதியில் திரும்பினால் வரும் எம்பெக்கே தேவாலயத்தின் பறை மண்டபத்தில் அதன் மூலத்தைப் பார்க்கலாம். அங்கே மரத்தில் மல்லர்களும் அன்னங்களும் தாய்மார்களும் சதுரச் சதுரமாக இருக்கிறார்கள். காஸ்டர் அந்த இலக்கணத்தைக் கல்லுக்கு மாற்றினார். கல் மரத்தைப் போல நெகிழாது. செதுக்கலின் ஓரம் தடித்துவிடும். அதனால் இந்தத் தூண்களுக்கு எம்பெக்கேயின் துள்ளல் இல்லை. பதிலாக ஒரு கனம் இருக்கிறது. உளி பட்ட இடத்தில் விரல் வைத்தால் சொரசொரப்பு. மழை சாரலாக அடித்தால் வெளிப்புறத் தூண்களின் ஒரு பக்கம் கறுத்துவிடும், உட்பக்கம் சாம்பல் நிறமாகவே இருக்கும். ஒரே தூணில் வெளியும் உள்ளும். ஆராதனை நடக்கும்போது காகம் கத்தினால் கேட்கும். கோபுரம் மணியடித்து ஊரை உள்ளே அழைக்கும். இங்கே ஊரின் சத்தம் அழைக்காமலே உள்ளே வருகிறது.

இதைப் பாராட்டும்போதே எழும் மறுப்பையும் எடுத்துக்கொள்ள வேண்டும். பௌத்த, இந்துக் கட்டட வடிவங்களைக் கிறிஸ்தவம் எடுத்துப் போட்டுக்கொள்வது மரியாதையா, மாறுவேடமா? இலங்கையில் இந்தக் கேள்வி பலமுறை கேட்கப்பட்டிருக்கிறது. கேட்பவர்களின் நோவு உண்மையானது. மகுல் மடுவவின் வடிவம் சும்மா கிடந்த வடிவமும் இல்லை. அரசனின் கொலுமண்டபம், நாடு கைமாறிய மண்டபம், பிறகு வென்றவர்களின் ஆராதனைக் கூடம். அதைத் திரும்பக் கட்டும்போது அந்த மூன்று நினைவுகளும் கூடவே வரும். காஸ்டர் அவற்றைப் பற்றி ஒரு குறியும் வைக்கவில்லை. தூண்களில் தாமரையும் அன்னமும் இருக்கலாம். 1815 எங்கும் இல்லை.

என்றாலும் மாறுவேடம் என்ற குற்றச்சாட்டை நான் ஏற்கவில்லை. மாறுவேடம் போடுபவன் வெளியை மாற்றுவான், உள்ளே பழைய ஆளாக இருப்பான். கோதிக் ஆலயத்துக்கு மேலே தூபியைப் போன்ற தொப்பி வைத்தால் அது மாறுவேடம். காஸ்டர் மாற்றியது அடிப்படையை: சுவரை எடுத்தார். சுவர் போனால் உள்ளிருப்பவர், வெளியிலிருப்பவர் என்ற பிரிவு இளகுகிறது. அந்தக் காலத்துத் திரித்துவக் கல்லூரியின் அதிபர் ஏ. ஜி. பிரேசர், ஆங்கிலமே கல்வி என்றிருந்த நாளில் சிங்களமும் தமிழும் பாடமாக வேண்டும் என்று நின்றவர். மொழியில் அவர் செய்ததைக் கல்லில் காஸ்டர் செய்தார் என்று படிப்பது பொருந்தும். உயரத்தை என்ன செய்தார் என்ற என் முதல் அளவுகோலில் இந்தச் சிற்றாலயத்துக்கு முழு மதிப்பெண். கண்டியில் கோபுரத்துக்குச் சொல்லப்பட்ட மிகத் தெளிவான மறுமொழி, கோபுரம் கட்டாமல் விட்டதுதான்.

அடுத்து ஓவியர் டேவிட் பெய்ன்டர். 1900இல் அல்மோராவில் பிறந்தவர். தந்தை ஆங்கிலேயர், தாய் சிங்களவர். திரித்துவக் கல்லூரியில் படித்து, லண்டன் ரோயல் அக்கடமியில் பயின்று, இத்தாலி போய்த் திரும்பியவர். சிற்றாலயத்தில் அவர் தீட்டிய ஓவியங்களைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் முதலில் சொல்வது சிலுவைக் காட்சியில் கிறிஸ்துவுக்குத் தாடி இல்லை என்பதை. உண்மைதான், அக்காலத்தில் அது துணிச்சல். ஆனால் எனக்கு அது மேலோட்டமான துணிச்சலாகவே படுகிறது. முகத்தை நம்மூர் முகமாக்குவது தொடக்கம். கேள்வி, அந்த முகம் யாருடைய வாழ்வை வாழ்கிறது என்பது. பெய்ன்டரின் உடல்கள் அழகானவை, அளந்து வரைந்தவை, அக்கடமியில் கற்ற தசையமைப்பு உள்ளவை. பாதம் கழுவும் காட்சியில்கூட அந்தப் பாதங்கள் வயலில் நடந்து வெடித்த பாதங்களாக எனக்குத் தெரியவில்லை. கழுவப்படுவதற்கு முன்னே அவை சுத்தமாக இருக்கின்றன. இரக்கமுள்ள சமாரியன் காட்சியில் இரக்கம் இருக்கிறது; வழியில் விழுந்து கிடப்பவனின் புழுதி குறைவு.

ஆனால் ஓர் ஓவியத்தின் முன்னே என் குறைகளை நிறுத்திக்கொள்கிறேன். செபதேயுவின் மனைவி தன் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு இயேசுவிடம் வருகிறாள். உம்முடைய ராச்சியத்தில் ஒருவனுக்கு வலப்பக்கம், ஒருவனுக்கு இடப்பக்கம் இடம் வேண்டும் என்கிறாள். அவர் பதிலுக்கு அந்தப் பிள்ளைகளைப் பார்த்து, நான் குடிக்கும் பாத்திரத்தில் உங்களால் குடிக்க முடியுமா என்று கேட்கிறார். இந்த ஓவியம் எங்கே இருக்கிறது என்பதை நினைத்துப் பாருங்கள். பெரிய வீட்டுப் பிள்ளைகளும், உத்தியோகக் கனவோடு பெற்றோர் கொண்டுவந்து சேர்த்த பிள்ளைகளும் படித்த கல்லூரி. அந்தப் பிள்ளைகள் வாரந்தோறும் ஆராதனைக்கு வந்து உட்காரும் இடத்தில், பிள்ளைக்கு உயர்ந்த ஆசனம் கேட்கும் ஒரு தாய். உயரத்தின் மேலுள்ள ஆசையையே பொருளாக எடுத்து, அந்த ஆசையோடு வருபவர்களின் கண்முன் மாட்டியிருக்கிறார் பெய்ன்டர். தாயின் மேல் அவருக்குக் கோபம் இல்லை. அவள் கேட்பது எல்லாத் தாயும் கேட்பது. அதனால்தான் அது உறைக்கிறது. காஸ்டர் கோபுரத்தைக் கட்டடத்திலிருந்து எடுத்தார். பெய்ன்டர் அது மனதுக்குள் நிற்பதைக் காட்டினார். கண்டியில் ஆலயக் கோபுரத்தின் பொருளை இவ்வளவு நெருங்கித் தொட்ட வேறு ஓவியம் எனக்குத் தெரிந்து இல்லை.

அதே கல்லூரியில் படித்த ஜோர்ஜ் கீற் வேறு வழியில் போனார். 1901இல் கண்டியில் பிறந்தவர், பறங்கிய கிறிஸ்தவக் குடும்பத்துப் பிள்ளை. அவர் கோபுரத்தோடு வாதாடவில்லை. அதன் நிழலிலிருந்து எழுந்து விகாரைக்கும் கண்ணன் ராதைக்கும் போய்விட்டார். 1940இல் முடிந்த பொரளை கோதமி விகாரைச் சுவரோவியங்கள் இந்நாட்டின் நவீன ஓவியத்தின் உச்சங்களில் ஒன்று. அதை மறுமொழி என்று கணக்கில் எடுக்க மாட்டேன். வெளியேறுவது பதில் சொல்வதாகாது. கலையாக அது பெய்ன்டரைவிடப் பெரியது என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

நம் காலத்துக்கு வந்தால் இரண்டு பேர் அளவுகோலை இன்னும் கடுமையாக்குகிறார்கள். அலோசியஸ் பீரிஸ் அடிகளாரின் களனி துலானா ஆய்வகத்தில், பௌத்தரான கிங்ஸ்லி குணதிலக்க சுடுமண்ணில் செய்த சிற்பச்சுவர் உண்டு. ஆலயத்தில் மூப்பர்கள் நடுவே பன்னிரண்டு வயதுச் சிறுவன் இயேசு. வழக்கமாக அந்தக் காட்சியில் சிறுவன் போதிப்பவனாக இருப்பான். இங்கே கற்க வந்தவனாக இருக்கிறான். காஸ்டர் பௌத்த வடிவத்தைக் கேட்காமல் எடுத்தார் என்றால், இங்கே பௌத்தக் கலைஞனே அழைக்கப்பட்டுத் தன் கண்ணால் கிறிஸ்துவைச் சொல்கிறான். எடுத்துக்கொள்வதற்கும் கேட்டுப் பெறுவதற்கும் உள்ள தூரம் அது. யாழ்ப்பாண நூலக எரிப்பை நினைவில் வைத்து எரிந்த புத்தகங்களைக் கலைப்பொருளாக்கியதும் இதே குணதிலக்கதான். கற்கும் சிறுவனும் கரிந்த புத்தகமும் ஒரே கையிலிருந்து வந்தவை.

மற்றவர் ஜகத் வீரசிங்க. 1992இல் அவர் காட்சிக்கு வைத்த ஓவியங்களில் உடைந்த தூபி வந்தது. 1983 ஜூலையில் தமிழர் மீது நடந்த வன்முறைக்குப் பிறகு, சிங்கள பௌத்தராகப் பிறந்த ஒரு கலைஞர் தன் சொந்த மதத்தின் உயரத்தைப் பிளந்து காட்டினார். அவர் எதிர்கொண்டது ஆலயக் கோபுரத்தை அல்ல என்று யாராவது சொல்லலாம். அதனால்தான் அவரை இங்கே கொண்டுவருகிறேன். பிறர் நட்ட கோபுரத்தைக் கேள்வி கேட்பது எளிது. சுதந்திரத்துக்குப் பிறகு அதற்குக் கைதட்டலும் கிடைக்கும். தன் முன்னோர் வணங்கிய வெள்ளைத் தூபியின் அடியில் யார் விழுந்து கிடக்கிறார்கள் என்று கேட்பதற்கு விலை உண்டு. என் இரண்டாவது அளவுகோலில் முழுதாகத் தேறுபவர் அவரே. காஸ்டரின் கல்லுக்கு அந்தக் கீறல் இல்லை.

தமிழ்ப் பக்கத்திலிருந்து தா. சனாதனனைச் சொல்லாமல் விட முடியாது. அவருடைய "முற்றுப்பெறாத தோம்பு" 2011இல் வந்தது. தோம்பு என்பது ஒல்லாந்தர் நிலத்தை எழுதிவைத்த பதிவேடு. அந்த அதிகார ஏட்டின் பேரை எடுத்து, இடம்பெயர்ந்தவர்கள் தாங்கள் இழந்த வீட்டை நினைவிலிருந்து வரைந்த தரைப்படங்களால் நிரப்பினார். கிணறு எங்கே, குசினி எங்கே, மாமரம் எங்கே. ஆட்சியாளன் மேலிருந்து அளந்த நிலத்தை, வாழ்ந்தவன் கீழிருந்து அளக்கிறான். டோசன் கோபுரத்துக்கு இன்னும் இப்படியொரு தோம்பு எழுதப்படவில்லை.

எழுத வேண்டிய கதை இருக்கிறது. இந்த வீதி வழியாகத்தான் கோப்பி மூட்டைகள் மாட்டு வண்டியில் இறங்கின. 1867இல் கண்டிக்கு ரயில் வந்தபோது, இதே கணவாயில் மலையைக் குடைந்தவர்களில் பெரும்பாலோர் தென்னிந்தியாவிலிருந்து வந்த நம்மவர். காய்ச்சலிலும் வெடியிலும் செத்தவர்களுக்குக் கணக்கு வைத்தவர் இல்லை. கடுகண்ணாவையில் வீதி அருங்காட்சியகம் உண்டு, ரயில் அருங்காட்சியகமும் உண்டு. உருளை இயந்திரங்களும் எஞ்சின்களும் வண்ணம் பூசி நிற்கின்றன. மண்வெட்டி பிடித்த கைக்கு ஒரு கலைஞர் இன்னும் அங்கே இடம் செய்யவில்லை. மலையகத்தின் இளைய ஓவியர்கள் தேயிலையையும் லயத்தையும் ஆவணங்களையும் பொருளாக்கிச் செய்துவரும் வேலைகளைப் பார்க்கும்போது, இந்தக் கோபுரத்தின் அடிக்கும் ஒருநாள் வருவார்கள் என்று நம்புகிறேன்.

அப்படி வருபவர்களுக்கு முன்மாதிரி தேடி ஐரோப்பாவுக்குப் போக வேண்டியதில்லை. கோபுரத்திலிருந்து சில மைல் தூரத்தில் கடலாதெனிய இருக்கிறது. 1344இல் நான்காம் புவனேகபாகுவின் காலத்தில் தர்மகீர்த்தி தேரர் கட்டுவித்த விகாரை. தலைமைச் சிற்பி கணேஸ்வராச்சாரி, தென்னாட்டிலிருந்து வந்தவர். தூண்களில் நம் கோயில் மண்டபங்களின் வெட்டு, உள்ளே புத்தர். கட்டுவித்தவன் யார், கட்டியவன் யார் என்று இரண்டையும் அங்கே கல்லே சொல்கிறது. பக்கத்தில் அதே ஆண்டில் எழுந்த லங்காதிலகத்தின் பாறையில் சிங்களத்தோடு தமிழிலும் கல்வெட்டு. பொற்காலம் என்று இதற்குப் பூ வைக்க மாட்டேன். அரசர்களும் அதிகாரிகளும் அன்றும் மேலேதான் இருந்தார்கள். ஆனாலும் கடலாதெனியப் பாறையில் அந்தச் சிற்பியின் பெயரை எழுதிவைக்க யாருக்கோ மனம் வந்தது. ஐந்நூறு ஆண்டு கழித்து, அதே மலைச்சரிவில், 125 அடி உயரத்துக்குக் கட்டியவர்களுக்கு அந்த மனம் வரவில்லை.

ஆகவே என் தீர்ப்பைச் சொல்கிறேன். கட்டடமாக காஸ்டரின் சிற்றாலயம் கோபுரத்தை வென்றது, அதில் ஐயமில்லை. ஆனால் அது பாதி வெற்றி. தன் வடிவத்தை எங்கிருந்து எடுத்தது, அந்த மண்டபத்தில் என்ன நடந்தது என்று அது சொல்லவில்லை. பெய்ன்டரின் நான்கு ஓவியங்களில் மூன்று நல்ல ஓவியங்கள். ஒன்று மட்டும், தாய் வந்து ஆசனம் கேட்கும் ஓவியம், பெரிய ஓவியம். குணதிலக்கவும் வீரசிங்கவும் சனாதனனும் காஸ்டர் நின்ற இடத்தைத் தாண்டிப் போயிருக்கிறார்கள், ஆனால் கண்டியின் இந்த இரண்டு கோபுரங்களுக்கும் முன்னால் வந்து நின்று அல்ல. புனித பவுல் ஆலயத்தின் செங்கல் கோபுரத்துக்கு நேரான மறுமொழியாகக் கண்டியிடம் இன்றுவரை இருப்பது 1935இன் கருங்கல்தான். கடுகண்ணாவைக் கோபுரத்துக்கு அதுவும் இல்லை.

போன முறை போனபோது கல்வெட்டின் முன் நின்று எழுத்தெழுத்தாக வாசித்தேன். ஆங்கிலத்தில் ஒருவருடைய பெயர், அவருடைய அறிவு, அவருடைய திறமை, ஓர் ஆண்டு. அதற்குக் கீழே, தரைவரைக்கும், சுண்ணாம்பு பூசிய வெற்றுச் சுவர். அங்கே இன்னும் இடம் இருக்கிறது.